இரண்டு வருஷத்தில் நர்ஸ் ஆக முடியுமா?

அமெரிக்காவில் இருக்கும் மகளோ மருமகளோ ஒருநாள் போனில், "அம்மா, இங்கே கம்யூனிட்டி காலேஜில் நர்ஸிங் சேரலாம்னு இருக்கேன்" என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உடனே மூன்று சந்தேகம் எழும். 'இன்ஜினீயரிங் படிச்ச பொண்ணு எதுக்கு நர்ஸாகணும்?' இது ஒன்று. 'நம்ம ஊர்லயே பி.எஸ்ஸி. நர்ஸிங் நாலு வருஷமாச்சே, அங்கே மட்டும் ரெண்டு வருஷத்துல எப்படி முடியும்?' இது இரண்டு. 'கம்யூனிட்டி காலேஜ்னா என்ன, தையல் கிளாஸ், டைப்ரைட்டிங் கிளாஸ் மாதிரியா?' இது மூன்று.

மூன்றும் நியாயமான சந்தேகங்கள்தான். சுருக்கமான பதில் இது: அந்தப் படிப்பு முழுமையான படிப்பு. அதை முடித்துப் பரீட்சை பாஸ் செய்தவர் அமெரிக்காவில் முழு நர்ஸ். ஆனால் அந்த 'இரண்டு வருஷம்' என்ற கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலேஜைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு சேர்ந்தால் பணமும் காலமும் வீணாகாது. விவரமாகப் பார்ப்போமா?

கம்யூனிட்டி காலேஜ் என்பது என்ன?

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் முடித்ததும் நாலு வருஷப் பல்கலைக்கழகத்துக்குப் போவது ஒரு வழி. வீட்டுக்குப் பக்கத்திலேயே, குறைந்த செலவில், இரண்டு வருஷப் பட்டம் தரும் அரசுக் கல்லூரிக்குப் போவது இன்னொரு வழி. அந்தக் கல்லூரிதான் கம்யூனிட்டி காலேஜ். 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜைத்தான் இவற்றின் மூத்த அக்கா என்று சொல்வார்கள். இன்று இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அங்கே இருக்கின்றன. இங்கே படிக்க வயது ஒரு தடையே இல்லை. பதினெட்டு வயசுப் பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையில் இரண்டு பிள்ளைகளைப் பெற்ற நாற்பது வயசு அம்மா உட்கார்ந்திருப்பது அங்கே சர்வசாதாரணம்.

செலவு? 2024-25 கல்வி ஆண்டில், அந்த வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு அரசு கம்யூனிட்டி காலேஜின் ஒரு வருஷச் சம்பளம் சராசரியாகச் சுமார் 4,050 டாலர். நாலு வருஷ அரசுப் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டுச் சராசரி சுமார் 11,600 டாலர். அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. புத்தகம், யூனிஃபார்ம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் தனி. வெளிநாட்டு மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இந்தச் சலுகைக் கட்டணம் பொதுவாகக் கிடையாது. அவர்கள் பல மடங்கு கட்டவேண்டி வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊரிலும் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரில் ஓராண்டு நர்ஸிங் உதவியாளர் டிப்ளமோக்கள் நடக்கின்றன. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. நர்ஸிங் ஆகிய அங்கீகாரம் பெற்ற படிப்புகளை முடித்தவர்கள்தான் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். உதவியாளர் டிப்ளமோவை வைத்துக்கொண்டு பதிவு செய்ய முடியாது. இதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

எந்த நர்ஸ்?

"நர்ஸிங் படிக்கிறேன்" என்று சொன்னால் போதாது. எந்தப் படி என்று கேளுங்கள். அமெரிக்காவில் மூன்று படிகள் உண்டு. மூன்றையும் ஒரே கம்யூனிட்டி காலேஜ் நடத்தக்கூடும்.

முதல் படி, நர்ஸிங் உதவியாளர். சி.என்.ஏ. என்பார்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது போன்ற வேலைகள். மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி போதும். சில வாரங்களில் முடிந்துவிடும்.

இரண்டாவது படி, எல்.பி.என். ஏறக்குறைய ஒரு வருஷப் படிப்பு. மருந்து கொடுக்கலாம், கட்டுப் போடலாம். ஆனால் பெரும்பாலும் மேலே ஒரு நர்ஸின் மேற்பார்வை வேண்டும்.

மூன்றாவது படி, ஆர்.என். என்கிற ரிஜிஸ்டர்டு நர்ஸ். நோயாளியின் நிலையை மதிப்பிட்டு, என்ன செய்வது என்று திட்டமிட்டு, பொறுப்பேற்று நடத்துகிறவர். இந்தப் படியை அடைய இரண்டு வருஷப் பட்டம் ஒரு வழி. அதற்கு ஏ.டி.என். என்று பெயர். நாலு வருஷப் பட்டமான பி.எஸ்.என். இன்னொரு வழி. நாம் இந்தக் கட்டுரையில் பேசுவது ஏ.டி.என். பற்றித்தான்.

ஒரு பெண்மணியின் யோசனை

இந்த இரண்டு வருஷப் படிப்பு எப்படி வந்தது தெரியுமா? இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம் அமெரிக்காவில் நர்ஸுகளுக்குக் கடும் பஞ்சம். அப்போது பெரும்பாலான நர்ஸுகள் ஆஸ்பத்திரிகளே நடத்திய மூன்று வருஷப் பள்ளிகளில் படித்தவர்கள். அங்கே படிப்பைவிட வேலைதான் அதிகம். மாணவிகள் சம்பளமில்லாத ஊழியர்கள் மாதிரி ராத்திரி பகலாக வார்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் இருந்த மில்ட்ரெட் மான்டேக் இதை யோசித்தார். மாணவியை வேலையாளாக நடத்தாமல் மாணவியாகவே நடத்தினால் படிப்பை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம்; அதற்குக் கம்யூனிட்டி காலேஜே சரியான இடம் என்றார். 1951-ல் அவருடைய ஆய்வு புத்தகமாக வந்தது. 1952-ல் ஏழு ஜூனியர், கம்யூனிட்டி காலேஜ்களிலும் ஒரு ஆஸ்பத்திரிப் பள்ளியிலுமாக ஐந்து வருஷச் சோதனை தொடங்கியது. அதில் படித்தவர்கள் மற்றவர்கள் எழுதிய அதே லைசென்ஸ் பரீட்சையை எழுதிப் பாஸ் செய்தார்கள். வார்டிலும் நல்ல பெயர் வாங்கினார்கள். அவ்வளவுதான், அமெரிக்கா முழுக்க இந்தப் படிப்பு பரவிவிட்டது. இன்று அந்த நாட்டில் படித்துவிட்டு முதன்முறையாக ஆர்.என். பரீட்சை எழுதுகிறவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இரண்டு வருஷப் பட்டக்காரர்கள்தான்!

இரண்டு வருஷம், ஆனால் இரண்டு வருஷம் இல்லை

இப்போது அந்தச் சூட்சுமத்துக்கு வருவோம். 'இரண்டு வருஷம்' என்பது நர்ஸிங் வகுப்புக்குள் நுழைந்த பிறகு ஆகும் காலம். நுழைவதற்கு முன்பே சில பாடங்களைப் படித்து முடித்திருக்க வேண்டும். உடற்கூறும் உடலியக்கமும் இரண்டு பருவங்கள், ஆய்வகத்தோடு. மைக்ரோபயாலஜி ஒரு பருவம். ஆங்கிலக் கட்டுரை, உளவியல், மனித வளர்ச்சி, கணிதம் அல்லது புள்ளியியல். சில இடங்களில் வேதியியலும் சத்துணவும் சேரும். இவற்றை முடிக்கவே ஒரு வருஷம் சுலபமாக ஓடிவிடும். வீட்டையும் பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகப் படித்தால் இரண்டு வருஷம்கூட ஆகலாம்.

"நான்தான் இந்தியாவில் டிகிரி வாங்கியிருக்கேனே, திரும்பவும் ஆங்கிலம் படிக்கணுமா?" என்று கேட்கலாம். இந்தியச் சான்றிதழ்களை அதற்கான நிறுவனம் ஒன்றில் கொடுத்து மதிப்பீடு செய்து வாங்கினால் சில பாடங்களுக்கு விலக்கு கிடைக்கும். ஆனால் உடற்கூறு, மைக்ரோபயாலஜி போன்ற அறிவியல் பாடங்களை 'ஐந்து வருஷத்துக்குள் படித்திருக்க வேண்டும்', 'ஏழு வருஷத்துக்குள் படித்திருக்க வேண்டும்' என்று பல கல்லூரிகள் கெடு வைக்கின்றன. பத்து வருஷத்துக்கு முன் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவர் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

அடுத்து நுழைவுத் தேர்வு. பல கல்லூரிகள் 'டீஸ்' என்ற தேர்வைக் கேட்கும். படித்துப் புரிந்துகொள்ளுதல், கணிதம், அறிவியல், ஆங்கிலம் என்று நான்கு பகுதி, 170 கேள்விகள், 209 நிமிடங்கள். நம் பிள்ளைகளுக்குக் கணிதம் ஊதித் தள்ளுகிற விஷயம். ஆங்கிலப் பத்தியைப் படித்து, அது மறைமுகமாகச் சொல்வதைக் கண்டுபிடிக்கும் கேள்விகளில்தான் கோட்டை விடுவார்கள். அதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்கவேண்டும்.

இதையெல்லாம் தாண்டினாலும் இடம் உடனே கிடைத்துவிடாது. இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் பல மடங்கு. சில கல்லூரிகள் மதிப்பெண் வரிசைப்படி எடுக்கின்றன. சில இடங்களில் காத்திருப்போர் பட்டியல். கலிபோர்னியாவில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கல்லூரிகளும் உண்டு! ஆகவே இரண்டு வருஷப் படிப்புக்கு மூன்று, நான்கு வருஷம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏமாற்றம் இருக்காது.

தடுப்பூசிச் சீட்டைத் தேடுங்கள்

இடம் கிடைத்ததும் கல்லூரி கேட்கும் முதல் காகிதம் தடுப்பூசிச் சான்று. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், வருஷா வருஷம் ஃப்ளு ஊசி. சிறு வயதில் போட்ட ஊசிகளுக்கு நம்மில் எத்தனை பேரிடம் சீட்டு இருக்கிறது? பரண் மேலே ஏதாவது பழைய அட்டை இருந்தால் எடுத்துப் படம் பிடித்து அனுப்புங்கள். இல்லாவிட்டாலும் பயமில்லை. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பரிசோதித்தும் பல ஊசிகளுக்கு ஈடு செய்யலாம். ஹெபடைடிஸ் பி ஊசிகளை முதலிலிருந்து போட வேண்டியிருந்தால் வழக்கமான முறையில் ஆறு மாதம் ஆகும். எனவே கடைசி நேரம் வரை காத்திருக்கக்கூடாது.

காசநோய்ப் பரிசோதனையில் நம்மவர்களுக்கு ஒரு விசேஷப் பிரச்னை உண்டு. இந்தியாவில் குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி. ஊசி போடுகிறோம். அமெரிக்காவில் போடுவதில்லை. கையில் தோலுக்கடியில் மருந்து செலுத்தி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் பரிசோதனையில், பி.சி.ஜி. போட்டவருக்குக் காசநோய்க் கிருமி இல்லாமலேயே தடித்துவிடக்கூடும். 'ஐயோ, எனக்கு டி.பி.யா!' என்று கலங்கி அழுதவர்கள் உண்டு. பி.சி.ஜி. போட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனையே ஏற்றது என்பது அமெரிக்க சுகாதாரத் துறையின் பரிந்துரை. முதலிலேயே "எனக்கு பி.சி.ஜி. போட்டிருக்கு, ரத்தப் பரிசோதனை செய்யுங்க" என்று கேட்டுவிட்டால் தேவையில்லாத எக்ஸ்ரேயும் கவலையும் பெரும்பாலும் மிச்சம். ரத்தப் பரிசோதனையிலும் கிருமி இருப்பதாக வந்தால் அலட்சியம் வேண்டாம். டாக்டர் சொல்லும் எக்ஸ்ரேயையும் சிகிச்சையையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதோடு இதய முதலுதவிப் பயிற்சிச் சான்று, போலீஸ் பதிவுச் சரிபார்ப்பு, போதைப்பொருள் பரிசோதனை ஆகியவையும் வழக்கமாக உண்டு.

வகுப்பில் என்ன நடக்கும்?

முதல் பருவத்தில் அடிப்படை: கை கழுவுவது, படுக்கையில் இருப்பவருக்கு விரிப்பு மாற்றுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது. பிறகு மருந்தியல், மருத்துவ-அறுவை நோயாளிகள், பிரசவம், குழந்தைகள், மனநலம் என்று வரிசையாக வரும். பொம்மை நோயாளியை வைத்து முதலில் பழக்குவார்கள். அந்தப் பொம்மைக்கு நாடி துடிக்கும், மூச்சு வாங்கும், சில சமயம் 'நெஞ்சு வலிக்குது' என்று பேசவும் செய்யும்!

மருந்துக் கணக்குப் பரீட்சை ஒன்று உண்டு. பல கல்லூரிகளில் இதற்கு 90 மதிப்பெண்ணாவது வேண்டும். சில இடங்களில் நூற்றுக்கு நூறு. ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஓர் உதாரணம் பாருங்கள். குழந்தையின் எடை 44 பவுண்டு. காய்ச்சல் மருந்து கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் தரச் சொல்கிறார் டாக்டர். அமெரிக்காவில் வீட்டில் எடை பார்ப்பது பவுண்டில், மருந்துக் கணக்கு கிலோவில். 44-ஐ 2.2-ஆல் வகுத்தால் 20 கிலோ. ஆக, 300 மில்லிகிராம். வகுக்க மறந்துவிட்டால்? 660 மில்லிகிராம்! இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து ஒரு பிஞ்சு உடம்புக்குள் போய்விடும். இப்போது புரிகிறதா, ஏன் நூற்றுக்கு நூறு கேட்கிறார்கள் என்று?

நம் ஊர்ப் படிப்புக்குப் பழகியவர்கள் திணறுவது இன்னொரு இடத்தில். பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அங்கே மதிப்பெண் வராது. கேள்வி இப்படி இருக்கும்: 'உங்கள் பொறுப்பில் நான்கு நோயாளிகள். ஒருவர் நேற்று ஆபரேஷன் ஆனவர், வலி தாங்கவில்லை என்கிறார். ஒருவர் சர்க்கரை நோயாளி, அளவு 180. ஒருவர் ஆஸ்துமாக்காரர், காலையில் இழுத்துக்கொண்டிருந்தவர், இப்போது சத்தமே இல்லாமல் தூங்கி வழிகிறார். ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சத்தம் போடுகிறார். யாரை முதலில் பார்ப்பீர்கள்?'

நீங்கள் யாரைச் சொல்வீர்கள்? சத்தம் போடுகிறவரிடம் ஓடத்தான் யாருக்கும் தோன்றும். சரியான விடை ஆஸ்துமாக்காரர். இழுப்பு நின்றுவிட்டதே, குணமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. காற்றே உள்ளே போகாததால்தான் சத்தம் நின்றிருக்கலாம். தூக்கக் கலக்கம் அதைத்தான் காட்டுகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் உதவி தேவைதான். முதலில் யார் என்பதில்தான் உயிர் இருக்கிறது. இந்தப் படிப்பு சொல்லிக்கொடுப்பது இந்தத் தீர்மானத்தைத்தான்.

வார்டுக்குப் போகும்போது

முதல் பருவத்திலேயே ஆஸ்பத்திரிக்கோ முதியோர் இல்லத்துக்கோ பயிற்சிக்கு அனுப்புவார்கள். விடியற்காலை ஆறரைக்கெல்லாம் வார்டில் நிற்க வேண்டியிருக்கும். சில பருவங்களில் ஒரே நாளில் 12 மணி நேரம் பயிற்சி.

வளையல், கல் வைத்த மோதிரம், ஒட்டு நகம் எல்லாம் கூடாது. கிருமி அங்கேதான் ஒளிந்துகொள்ளும். தாலிச் சங்கிலியை உடைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனநல வார்டில் கழுத்தில் எதுவுமே கூடாது என்பார்கள். கலங்கிய நிலையில் இருக்கும் நோயாளி பிடித்து இழுத்தால் ஆபத்து உங்களுக்குத்தான்.

ஊசி குத்திவிட்டால்? மாணவிகள் பலர் செய்யும் தவறு, திட்டுவார்களோ என்று மறைப்பது. ஒருபோதும் மறைக்காதீர்கள். உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அந்த நிமிடமே ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முதுகும் பத்திரம். நோயாளியைத் தூக்கும்போது தனியாக வீரம் காட்ட வேண்டாம்; ஆளைக் கூப்பிடுங்கள், தூக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

எல்லோருக்கும் ஒரே பரீட்சை

படிப்பை முடித்ததும் 'என்கிளெக்ஸ்-ஆர்.என்.' என்ற லைசென்ஸ் பரீட்சை. இரண்டு வருஷம் படித்தவருக்கும் நாலு வருஷம் படித்தவருக்கும் இது ஒன்றேதான். பாஸ் செய்தால் கிடைக்கும் லைசென்ஸும் ஒன்றேதான்.

1994 முதல் இது கம்ப்யூட்டர் பரீட்சை. நீங்கள் சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வியைக் கடினமாக்கும். தப்பாகச் சொன்னால் எளிதாக்கும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, மொத்தம் ஐந்து மணி நேரம். உங்கள் திறமை பற்றிக் கம்ப்யூட்டருக்கு நிச்சயம் ஏற்பட்டதும் பரீட்சை சட்டென்று நின்றுவிடும். 85-லேயே நின்றால் ஃபெயில் என்று அழ வேண்டாம். நன்றாக எழுதியவருக்கும் அங்கேயே நிற்கும். 2023 ஏப்ரலில் இதைப் புதுப்பித்தார்கள். ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, படிப்படியாக முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

ஏற்கெனவே நம் ஊரில் நர்ஸிங் படித்துப் பதிவு செய்தவர்களா நீங்கள்? பொதுவாக நீங்கள் மறுபடி கம்யூனிட்டி காலேஜில் சேரவேண்டிய அவசியமில்லை. சான்றிதழ் மதிப்பீடும், மாநிலம் கேட்டால் ஆங்கிலத் தேர்வும் முடித்து நேராக இந்தப் பரீட்சைக்கே விண்ணப்பிக்கலாம்.

அப்படியானால் நாலு வருஷப் பட்டம் எதற்கு?

நியாயமான கேள்வி. லைசென்ஸ் ஒன்று என்றாலும் வேலைச் சந்தையில் வித்தியாசம் உண்டு. பெரிய நகரங்களில் பல பெரிய ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என். படித்தவர்களையே விரும்புகின்றன. லிண்டா ஐக்கன் என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பத்திரியில் பட்டதாரி நர்ஸுகளின் விகிதம் கூடக்கூட ஆபரேஷன் நோயாளிகளின் மரணம் குறைவாக இருப்பது தெரியவந்தது. நியூயார்க் மாநிலம் 2017-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தது: இரண்டு வருஷப் பட்டத்தோடு புதிதாக லைசென்ஸ் வாங்குகிறவர் பத்து வருஷத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும்.

இதற்கும் வழி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே, மீதிப் பாடங்களை வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வழியாகப் படித்து பி.எஸ்.என். ஆகலாம். செலவில் ஒரு பகுதியை ஏற்கும் ஆஸ்பத்திரிகளும் உண்டு. ஃப்ளோரிடா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சில கம்யூனிட்டி காலேஜ்களே பி.எஸ்.என். பட்டமும் தருகின்றன. கம்யூனிட்டி காலேஜை மாடிப்படியின் முதல் வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறிக்கொண்டே போகலாம்.

சம்பளம்? 2024 மே மாத அரசுக் கணக்குப்படி ரிஜிஸ்டர்டு நர்ஸின் நடுத்தர வருஷச் சம்பளம் 93,600 டாலர். இரண்டு வருஷம் படித்தவரும் நாலு வருஷம் படித்தவரும் அதில் அடக்கம்.

விசாவைப் பார்க்காமல் சேராதீர்கள்

கணவரின் வேலை விசாவைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் இருக்கும் பெண்கள் தாராளமாகப் படிக்கலாம், தடையில்லை. ஆனால் அந்த விசா மட்டும் இருந்தால் வேலை பார்க்க முடியாது. 2015-ல் வந்த விதிப்படி, கணவரின் கிரீன் கார்டு முயற்சி குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். லைசென்ஸுக்கே சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்கும் மாநிலங்களும் உண்டு. வேலை அனுமதி இல்லாதவருக்கு அந்த நம்பர் கிடைப்பது கஷ்டம். வார்டில் சாதாரண நர்ஸ் வேலைக்கு ஹெச்-1பி விசா கிடைப்பதும் மிக அரிது.

இதெல்லாம் படிப்பு முடிந்த பிறகு தெரியவந்தால் எப்படி இருக்கும்? ஆகவே முதல் பாடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே விசா வக்கீல் ஒருவரிடமும், மாநில நர்ஸிங் வாரியத்திடமும் கேட்டுத் தெளிவு பெறுவது அவசியம். விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை.

போலிகள் ஜாக்கிரதை!

'காத்திருக்க வேண்டாம், நுழைவுத் தேர்வு வேண்டாம், உடனே பட்டம்' என்று யாராவது சொன்னால் காத தூரம் ஓடிவிடுங்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவே அதிர்ந்த வழக்கு ஒன்று வெளியானது. ஃப்ளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றிருந்தார்கள். வார்டில் கால் வைக்காமலே பணம் கொடுத்துக் காகிதம் வாங்கியவர்கள்! அவர்களில் ஆயிரக்கணக்கானோர் லைசென்ஸ் பரீட்சையையும் பாஸ் செய்துவிட்டார்கள் என்பதுதான் வயிற்றைக் கலக்கும் செய்தி. பல மாநிலங்கள் அப்படி வாங்கிய லைசென்ஸ்களை ரத்து செய்தன. நேர்மையான கல்லூரியைத் தேடுவது உங்கள் பணத்தைக் காப்பாற்ற மட்டுமல்ல. நாளை உங்கள் கையை நம்பிப் படுத்திருக்கும் நோயாளிக்காகவும்தான்.

வீட்டார் செய்ய வேண்டியது

கடைசியாக, அந்த முதல் சந்தேகம். 'நம்ம வீட்டுப் பெண் பிறத்தியார் மலம் அள்ளுவதா?' மனசுக்குள் இந்தக் கேள்வி இருந்தால் ஒளிக்க வேண்டாம். ஆமாம், அள்ள வேண்டியிருக்கும். அம்மாவும் பாட்டியும் நமக்கு அதைச் செய்யவில்லையா? அந்த மலத்தின் நிறத்தைப் பார்த்து, உள்ளே ரத்தக் கசிவு இருப்பதைக் கண்டுபிடித்து, டாக்டரை நடுராத்திரியில் எழுப்புகிறவர்தான் படித்த நர்ஸ்.

இந்தப் படிப்பில் இடையில் நின்றுவிடுகிறவர்கள் அறிவில்லாமல் நிற்பதில்லை. வீட்டில் ஒத்துழைப்பு இல்லாமல் நிற்கிறவர்கள் ஏராளம். அதிகாலைப் பயிற்சி நாளில் குழந்தையைப் பள்ளிக்கு யார் அனுப்புவது, பரீட்சை வாரத்தில் சமையல் யார் என்பதையெல்லாம் கணவரோடு முன்பே பேசி வையுங்கள். மாமியாரோ அம்மாவோ ஆறு மாதம் அங்கே போய் இருப்பதாக இருந்தால், கடினமான பருவத்தைக் கேட்டு அதற்கேற்ப டிக்கெட் போடுங்கள். விருந்தாளி கூட்டம் எதுவும் அந்தச் சமயம் வேண்டாமே!

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. இந்தப் படிப்புக்கு மாநில நர்ஸிங் வாரியத்தின் ஒப்புதல் இருக்கிறதா? வாரியத்தின் பட்டியலில் நீங்களே பார்த்துச் சரிபாருங்கள். கல்லூரி சொல்வதை மட்டும் நம்பவேண்டாம்.

2. தேசிய அளவில் நர்ஸிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா? இல்லாவிட்டால் பின்னால் பி.எஸ்.என். சேர்வதும் சில ஆஸ்பத்திரிகளில் வேலை கிடைப்பதும் சிக்கலாகும்.

3. கடந்த மூன்று வருஷங்களில் முதல் முயற்சியிலேயே என்கிளெக்ஸ் பாஸ் செய்தவர்கள் எத்தனை சதவீதம்?

4. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள்? தேர்ச்சி விகிதம் அதிகமாக இருந்து, பாதிப் பேர் நடுவிலேயே விழுந்திருந்தால் யோசியுங்கள்.

5. பயிற்சி எந்த ஆஸ்பத்திரிகளில்? வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? கார் ஓட்டத் தெரியாவிட்டால் முதலில் அதைக் கற்றுக்கொள்வது நல்லது.

6. எனக்கு எந்தக் கட்டண விகிதம்? உள்ளூர்க்காரர் கணக்கா, வெளியூர்க்காரர் கணக்கா?

இந்த ஆறுக்கும் நேரான பதில் சொல்லும் கல்லூரி கிடைத்துவிட்டால், தைரியமாக விண்ணப்பம் வாங்கச் சொல்லுங்கள். வயசு முப்பத்தைந்து ஆகிவிட்டதே என்று தயங்கவேண்டாம். படித்தாலும் படிக்காவிட்டாலும் நாலு வருஷத்தில் முப்பத்தொன்பது ஆகத்தான் போகிறது. படித்திருந்தால் கையில் லைசென்ஸும் இருக்கும்.